நாங்கள் நைல் நதியை வாசித்த மாலை

உன் பெயருக்கு வந்த பொதி ஒன்றை இன்று காலை தபால் கந்தோரில் கையெழுத்து வைத்து எடுத்துவந்தேன். விலாசம் என் வீட்டுடையது, மேலே இருந்த பெயர் உன்னுடையது. உன் கந்தோருக்கு வருகிற பொதிகளை ஆளாளுக்குக் குலுக்கிப் பார்க்கிறார்கள் என்று சொல்லி எதற்கும் என் விலாசத்தையே கொடுத்துவைத்திருந்தாய். கவுண்டரில் இருந்த பெண் பெயரை வாசித்துவிட்டு, "இவா வரமாட்டாவோ?" என்று கேட்டாள். "நான் எடுத்துக்கொண்டு போறன்" என்றேன். 

உள்ளே பத்துச் சீவாளிகள். சாக்ஸபோனின் வாயில் வைத்துக் கட்டும் அந்த நாணல் தகட்டை நீ எப்போதும் நாதஸ்வரக்காரர்களின் சொல்லால்தான் அழைப்பாய். கனடாவில் இருக்கிற உன் மச்சாள் கப்பலில் போட்டிருக்கிறாள். போட்ட பிறகுதான் அவளுக்கு உன் செய்தி போயிருக்கிறது. பொதி எங்கெங்கோ கிடந்து மாதக்கணக்கில் பிந்தி வந்திருக்கிறது. பெட்டியைத் திறந்ததும் காய்ந்த புல்லும் மரத்தூளும் கலந்த வாசம் எழுந்தது. உன் கைப்பையைத் திறந்தால் வருகிற அதே வாசம். பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் குசினி மேசையில் இருந்து இதை எழுதுகிறேன்.

நீ முதன்முதல் என் படலையைத் தட்டியது சண்டை முடிந்து மீளக்குடியேறிய இரண்டாம் வருஷம். கிளிநொச்சியில் அப்போது பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. நான் பின்னேரங்களில் நாலைந்து பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருந்தேன். சைக்கிள் கரியரில் உரப்பை சுற்றிய நீளமான ஒரு கட்டு. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"ரீச்சர், வாத்தியத்துக்குத் தோல் போடுற ஆக்கள் ஆரையும் உங்களுக்குத் தெரியுமோ?"

"என்ன வாத்தியம்?"

"அப்பான்ர சாக்ஸபோன். நிலத்துக்கை கிடந்தது. போன கிழமைதான் போய்க் கிண்டி எடுத்தனான்."

உள்ளே கூப்பிட்டேன். அந்தக் கட்டைப் பாயில் கிடத்தினாய். பிரிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு, "தனிய இருந்து பிரிக்கப் பயமாக் கிடக்கு. வீட்டில அம்மா இருக்கிறா. அவாக்கு முன்னால ஏலாது" என்றாய். அறிமுகம் இல்லாத ஒருத்தியின் வீட்டுக்கு நீ ஏன் வந்தாய் என்பது அப்போதுதான் விளங்கியது. தோல் போடுகிற ஆளை விட, பக்கத்தில் இருக்க ஒரு ஆள்தான் உனக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

கயிற்று முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோல் கேட்டாய், கொடுத்தேன். உரப்பைக்குள் பொலித்தீன். அதற்குள் மெழுகில் தோய்த்த படுக்கை விரிப்பு, பலகை மாதிரி இறுகிப்போயிருந்தது. அதற்கும் உள்ளே நீள நீளமாகக் கிழித்த சீலைத் துண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. நீ சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக்கொண்டே போனாய், முடியவே இல்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எகிப்தில ராசாக்களைச் சுத்தி வைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு" என்றேன்.

நீ கையை நிறுத்தினாய். "ஓம். ஆனா நாங்கள் ராசாவை ரோட்டில விட்டுட்டு, அவற்ர சாமானை வடிவாச் சுத்திப் புதைச்சிருக்கிறம்" என்றாய்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று நான் கேட்கவில்லை. பித்தளை ஆங்காங்கே பச்சை பிடித்திருந்தது. துளைகளை மூடுகிற தோல் வில்லைகள் எல்லாம் உக்கிப்போயிருந்தன. ஆனால் உடம்பு கெடவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு நீ விக்கி விக்கி அழுதாய். நான் எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டேன்.

முள்ளியவளையில் மிருதங்கத்துக்குத் தோல் கட்டுகிற என் பெரியப்பா மகனிடம் இரண்டுபேரும் பஸ் ஏறிப் போனோம். அவன் அந்த வாத்தியத்தை அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை. ஒவ்வொரு துளையாக அளந்து ஆட்டுத்தோலில் வில்லை வெட்டித் தந்தான். எல்லாத் துளையும் மூடியது. அடியிலே இருந்த பெரிய துளை மட்டும் சரிவரவில்லை. மிகத் தாழ்ந்த அந்த ஒற்றைச் சுரத்தை ஊதினால் காற்று ஒழுகி, தொண்டை கட்டின மனிசன் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். நீ அந்தச் சுரத்தைத் தொடாமலே வாசிக்கப் பழகிக்கொண்டாய்.

உன் அப்பாவைப்பற்றி நீ துண்டு துண்டாகத்தான் சொன்னாய். முல்லைத்தீவுக் கரையில் கடலுக்குப் போன மனிதர். இளந்தாரியாகக் கொழும்பில் சில வருஷம் ஒரு ஹோட்டல் வாத்தியக் குழுவில் வாசித்துவிட்டு, அந்தச் சாக்ஸபோனோடு ஊருக்குத் திரும்பியவர். கோயில் திருவிழாவில் மாதா பாட்டை வாசிக்கிறபோதும் அவருடைய தாளம் கொஞ்சம் ஆடி ஆடித்தான் போகுமாம். சுவாமியார் திரும்பிப் பார்ப்பாராம். கரண்ட் இல்லாத வருஷங்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டிருக்கிறீர்கள். எங்கோ தொலைவிலிருந்து ஜாஸ் வரும். நீ சுற்றவேண்டும், அவர் கேட்கவேண்டும். "கை உளைஞ்சு நான் நிப்பாட்டினா அந்த வெள்ளைக்காரனும் நிப்பாட்டிப் போடுவான்" என்று சொல்லிச் சிரிப்பாய்.

என் எகிப்துப் பகிடியை நீ விடவில்லை. அடுத்த கிழமையே வந்து, பள்ளிக்கூட நூலகத்தில் எகிப்தைப்பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டாய். சின்னப் பிள்ளைகளுக்கான படப் புத்தகம் ஒன்றுதான் கிடைத்தது. ஒரு மாதம் வைத்திருந்தாய். பிறகு கண்டகண்ட இடத்திலெல்லாம் தேடி வாசித்தாய். அதற்குள் நாங்கள் "நீங்கள்" என்பதை விட்டு "நீ" என்பதற்கு வந்துவிட்டோம். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உன் கந்தோரிலிருந்து போன் எடுத்தாய்.

"எடி, எகிப்தில என்ர வேலை இருந்திருக்கு!"

நீ நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கர். காலையில் குளத்தின் அளவுகோலில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறதென்று வருகிற செய்தியை வாங்கிப் பதிவது உன் வேலை. நைல் நதிக்கரையிலும் ஆற்றுக்குள் இறங்குகிற படிக்கட்டு ஒன்று கட்டி, சுவரில் கோடு கீறி, வெள்ளம் எவ்வளவு ஏறுகிறதென்று பார்த்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் அந்த வருஷ விளைச்சலைக் கணித்திருக்கிறார்கள். "ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னம் ஒருத்தன் படியில நிண்டு தண்ணி பாத்திருக்கிறான். கூடினாலும் பயம், குறைஞ்சாலும் பயம். அவனுக்கும் என்னை மாதிரி இடுப்பு நொந்திருக்கும்" என்றாய். எனக்குச் சோறு புரைக்கேறியது.

அந்தப் போனிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. ஜாஸில் ஒரு வழக்கம் இருக்கிறதாம், தனித்தனிப் பாட்டாக இல்லாமல் பல பகுதிகள் சேர்ந்து ஒரே உருப்படியாக நீளமாக வாசிப்பது. அப்படி ஒன்றை எகிப்தை வைத்து நீயே அமைக்கப்போவதாகச் சொன்னாய். நாலு பகுதி. முதலாவது நீரளவு. இரண்டாவது சுற்றுச்சீலை. மூன்றாவது இறகு. கடைசி வெயில்.

"நீ வயலின் வாசிக்கிறாய்" என்றாய். கேட்கவில்லை, சொன்னாய்.

"எனக்கு ஜாஸ் தெரியாது."

"கற்பனாசுரம் தெரியுமெல்லோ? அதுதான். உங்கட தம்புரா ஒரே இடத்தில இருக்கும். எங்கட தம்புரா எழும்பி நடந்து திரியும். நீ அதுக்குப் பின்னால போ, அவ்வளவுதான்."

அதன் பின்னால் போகவே எனக்கு எட்டு மாதம் பிடித்தது. சபா மேடையில் வாசிக்கிறபோது சட்ஜம் வீடு மாதிரி, எப்போது திரும்பிவந்தாலும் அங்கேயே இருக்கும். உன் இசையில் திரும்பி வந்தால் வீட்டை வேறெங்கோ கொண்டுபோயிருப்பீர்கள். கோபத்தில் வயலின் வில்லை மேசையில் வைத்துவிட்டு எழும்பியிருக்கிறேன். நீ பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருப்பாய். கொஞ்ச நேரத்தில் நானே வந்து வில்லை எடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து பிலோமினா அக்கா வருவா. கோயில் பாடகர் குழுவில் முப்பது வருஷம் ஓர்கன் வாசித்தவா. கீபோட்டைச் சீலையில் சுற்றி ஓட்டோவில் கொண்டுவருவா. நெளுக்குளத்திலிருந்து ட்ரம்ஸ் வாசிக்கிற சந்திரன் காலை ரெயினில் வருவார். கலியாண வீடுகளில் சினிமாப் பாட்டுக்கு அடித்து அடித்துக் களைத்துப்போன மனிதர். முதல் நாள் நீ தாளத்தைச் சொல்லிக் காட்டியபோது, "அப்ப இதுக்கு ஆர் பாடுறது?" என்று கேட்டார். ஒருவரும் பாடுவதில்லை என்றாய். "நல்லதாப் போச்சு" என்றார். அவரைவிட அந்த இசையை விரும்பியவர் எங்களில் ஒருவரும் இல்லை.

மூன்றாம் பகுதியில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது. எகிப்தில் செத்த ஆளின் இதயத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மற்றத் தட்டில் ஒரு இறகை வைப்பார்களாம். இதயம் இறகைவிடப் பாரமில்லாமல் இருந்தால் அந்த ஆள் அப்பால் போகலாம். நீ சுரம் எழுதிவைத்த கொப்பியில் அந்தப் பகுதியின் நடுவே பதினாறு ஆவர்த்தனம் வெறுமையாக இருந்தது. அது நீ தனியே, மனதில் வருகிறதை வாசிக்கவேண்டிய இடம். ஒவ்வொரு ஞாயிறும் நீ அங்கே ஏதோ வாசிப்பாய். எங்களுக்கு நன்றாகத்தான் இருக்கும். முடித்ததும் நீ வாத்தியத்தைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டே, "உது பொய்" என்பாய்.

ஒரு சனிக்கிழமை காலை உன்னோடு குளக்கட்டுக்கு வந்தேன். அளவுகோலைக் காட்டுகிறேன் என்று கூட்டிக்கொண்டு போனாய். சிறுபோக வயல்களுக்குத் தண்ணீர் விட்டு முடிந்த நேரம். கோலின் அடிப்பக்கத்து இலக்கங்கள்கூட வெளியே தெரிந்தன. குளக்கட்டில் இருந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

வீட்டை விட்டு வெளிக்கிடச் சொல்லிவிட்டார்கள். அயல் சனம் எல்லாம் வெளிக்கிட்டுவிட்டது. நீங்கள் ஒரு மணித்தியாலம் பிந்தினீர்கள். சாக்ஸபோனைச் சுற்றிப் புதைக்க அந்த ஒரு மணித்தியாலம். மூன்றாம் நாள் பாதையில் ஷெல் விழுந்து வெடித்தபோது, உங்களுக்கு முன்னால் போன அயல் சனம் அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. உன் அப்பா தாண்டவில்லை. அவரை அடக்கம் செய்யவும் நேரம் கிடைக்கவில்லை.

"நான்தான் சுத்தினனான்" என்றாய். "அவர் வா வா எண்டு கூப்பிட்டிருப்பார். நான் நிண்டு சுத்திக்கொண்டிருந்தனான். அதை விட்டுட்டு வெளிக்கிட்டிருந்தா..."

"ஒரு மணித்தியாலம் முந்திப் போயிருந்தா வேற இடத்தில வேற ஒண்டு நடந்திருக்கலாம். ஆருக்குத் தெரியும்?"

"அதைத்தான் எல்லாரும் சொல்லுவினம். அதால நான் ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை."

 அம்மாவிடம் இதைக் கதைத்தாயா என்று கேட்டேன். தலையாட்டினாய், இல்லை என்று. ஒரே வீட்டில், ஒரே குசினியில் இத்தனை வருஷம் இருந்தும் நீங்கள் இருவரும் அந்த நாளைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

கூட்டுறவுச் சங்க மண்டபம் ஒரு சனிக்கிழமை பின்னேரத்துக்குக் கிடைத்தது. சந்தைக்கு வந்துபோகிற சனமும் எட்டிப் பார்க்கும் என்று நாலு மணிக்கு வைத்தோம். உன் கந்தோர் ஆட்கள், என் வயலின் பிள்ளைகளின் தாய் தகப்பன், பாடகர் குழு, என்ன ஏதென்று தெரியாமல் வந்து கதிரை பிடித்த, வயல் செய்கிற கமக்காரர்கள். அறிவிப்புச் செய்ய வந்த உன் கந்தோர்ப் பொடியன், "அடுத்ததாக எகிப்திய நடனம்" என்றான். இரண்டு பெண்கள் சின்னப் பிள்ளைகளை முன்னுக்குத் தள்ளி இருத்தினார்கள். நடனம் வரப்போகிறதென்று அதுகளும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தன. பிலோமினா அக்காவுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை.

முன்வரிசையில் உன் அம்மா. வெள்ளைச் சீலை, மடியில் குடை.

நீரளவு தொடங்கியது. சந்திரன் தூரிகைக் குச்சியால் தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் கசிகிற சத்தம். நான் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, நீ ஒவ்வொரு படியாக ஏறி வந்தாய். ஏறி, நின்று, திரும்பவும் ஏறி. சனத்துக்கு இது என்னவென்று பிடிபடவில்லை, கதிரைகள் கிறீச்சிட்டன. பிறகு ட்ரம்ஸ் முழுதாக எழும்பி, நீ உச்சிக்குப் போய் அங்கிருந்து பரந்து கொட்டியபோது, பின்னால் இருந்து ஒரு கமக்காரர் உரத்த குரலில், "குளம் நிறைஞ்சு வான் பாயுது!" என்றார்.

மண்டபம் முழுக்கச் சிரித்தது. கைதட்டியது. வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்காமலே நீயும் கண்ணால் சிரித்தாய். அந்த நிமிஷத்திலிருந்து சனம் எங்களோடு வந்தது. இரண்டாம் பகுதியில் நானும் நீயும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி வாசித்தபோது ஒரு பிள்ளைகூட அசையவில்லை. எனக்கும் அன்று முதல்முறையாக, சட்ஜம் என்ற வீட்டை எங்கோ கொண்டுபோய்விட்டார்களே என்ற பயம் வரவில்லை.

மூன்றாம் பகுதிக்கு முன்னால் நீ மைக்குக்குப் போனாய். அது எங்கள் ஒழுங்கில் இருக்கவில்லை. தராசையும் இறகையும்பற்றி இரண்டு வசனத்தில் சொன்னாய். பிறகு சொன்னாய்: "எங்கட வீட்டிலயிருந்து வெளிக்கிடேக்கை நான் ஒரு மணித்தியாலம் பிந்தப் பண்ணினனான். இந்த வாத்தியத்தைச் சுத்தி வைக்கிறதுக்காக. இது அந்த மணித்தியாலத்துக்கு. அப்பாவுக்கு."

பிலோமினா அக்கா தொடங்கத் தயங்கி என்னைப் பார்த்தா. நான் தலையசைத்தேன்.

பதினாறு ஆவர்த்தனமும் வந்தது. நீ இத்தனை மாதமும் வாசித்த வடிவான ஒன்றையும் வாசிக்கவில்லை. அந்த மிகத் தாழ்ந்த சுரத்தை, காற்று ஒழுகுகிற அந்தச் சுரத்தை, ஊதினாய். தொண்டை கட்டின மனிசன் செருமுகிற அந்தச் சத்தம் மண்டபத்துக்குள் வந்தது. நிறுத்தினாய். மறுபடி அதையே ஊதினாய். வேறொன்றுமில்லை. சந்திரன் கைகளை மடியில் வைத்துவிட்டார். நாலாம் தடவையோ ஐந்தாம் தடவையோ, உன் அம்மா எழும்பினா. குடை கீழே விழுந்தது. மேடை ஓரம் வரைக்கும் நடந்துவந்து, மேடைப் பலகையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றா. ஒருவரும் அவாவை இருக்கச் சொல்லவில்லை. வெயில் பகுதி முழுவதையும் அவா நின்றபடியேதான் கேட்டா. நீயும் அதை அவாவுக்கு நேரே நின்றுதான் வாசித்தாய்.

முடிந்தபிறகு மண்டபத்துப் பின்கட்டில் பிளேன்ரீயும் ரோல்ஸும் கொடுத்தார்கள். சனம் வந்து வந்து கதைத்தது. வான் பாய்கிறது என்ற கமக்காரர் வந்து உன்னுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாரும் விலகும் வரைக்கும் உன் அம்மா ஒரு கதிரையில் இருந்தா. பிறகு உன்னைக் கிட்டக் கூப்பிட்டா. நான் எழும்பப் போனேன், "நீரும் இரும் பிள்ளை" என்றா.

"அந்த மணித்தியாலத்தை நீ ஏன் தூக்கிக்கொண்டு திரியிறாய்?" என்று கேட்டா. "சுத்தினது உன்ர அப்பா."

நீ கையிலிருந்த பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்தாய்.

"நான் எத்தினை தரம் சொன்னனான், வாங்கோ, சனம் போட்டுது எண்டு. ஆள் கேக்கேல்லை. நீ பக்கத்தில குந்தியிருந்து மெழுகுதிரி உருக்கிக் குடுத்தனீ. அவ்வளவுதான் நீ செய்தது."

"இல்லை அம்மா. நான்தான்... எனக்கு நல்ல ஞாபகம்."

"அப்ப முடிச்சு ஆர் போட்டது? அது வலைக்காரற்ர முடிச்சு. நீ எப்ப வலை பொத்தினனீ?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். என் வீட்டுப் பாயில் அந்தக் கட்டை வைத்துக்கொண்டு நீ கத்தரிக்கோல் கேட்டது எனக்கு நினைவு வந்தது. "ஓம்" என்றேன். "உனக்கு அதை அவிழ்க்கத் தெரியேல்லை. வெட்டித்தான் எடுத்தனாங்கள்."

"இவ்வளவு வருஷமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சனான். அவரில கோவம் எண்டுதான் நீ அந்தக் கதையே எடுக்கிறதில்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்." உன் அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. பிறகு மெல்லச் சொன்னா: "மெழுகுதிரிப் பெட்டியை எடுத்துக் குடுத்தது நான். அலுமாரியில மேல்தட்டில கிடந்தது. தேடிப் பாத்தன், இல்லை எண்டு சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா மனிசன் விட்டுட்டு வந்திருப்பார். எனக்கும் ஒரு மணித்தியாலம் இருக்குப் பிள்ளை."

நீ நிலத்தில் இருந்து அவாவின் மடியில் தலையை வைத்தாய். ரோல்ஸ் தட்டோடு வந்த பிலோமினா அக்கா வாசலிலேயே நின்றுவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போனா.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டே "அம்மா என்னைத் தேத்தத்தான் அப்பிடிச் சொல்லுறாவோ?" என்று கேட்டாய். தெரியாது என்றேன், ஆனால் முடிச்சு முடிச்சுத்தான் என்றேன். கொஞ்சத்தூரம் நடந்தபிறகு நீ சிரித்தாய். "மனிசன் சாகிற நேரமும் சாக்ஸபோன்" என்றாய். அவரைப்பற்றிக் கதைக்கும்போது குறைப்பட்டு, வாய்விட்டு, சும்மா ஒரு மகள் தகப்பனைப் பேசுகிற மாதிரி நீ பேசியதை அன்றுதான் முதலில் கேட்டேன். அதற்குப் பிறகு நீயும் அம்மாவும் அவரைத் திட்டுவதைக் கேட்க உங்கள் வீட்டுக்கு வருவதே எனக்குப் பொழுதுபோக்காக இருந்தது. அவர் எவ்வளவு பிடிவாதக்காரர், கறியில் புளி கூடினால் எப்படி மூஞ்சியை வைத்துக்கொள்வார், எல்லாம் வெளியே வந்தது.

இன்னும் இரண்டு தரம் அந்த நாலு பகுதியையும் வாசித்தோம். ஒருதரம் முள்ளியவளையில், ஒருதரம் நெளுக்குளத்தில். நாலாம் தரத்துக்கு உன் சுவாசப்பை இடம் கொடுக்கவில்லை. முதலில் இருமல் என்றாய். பிறகு படியேற ஏலாது என்றாய். கிளினிக்குக்கும் வீட்டுக்குமாக ஒரு வருஷம் போனது. சாக்ஸபோனை உன் கட்டில் பக்கத்தில் ஒரு கதிரையில் வைத்திருந்தாய். தூசி படுகிறதே, துணியால் மூடட்டுமா என்று நான் கேட்டதற்கு உன் அம்மாதான் மறுமொழி சொன்னா. "வேண்டாம் பிள்ளை. இனி இந்த வீட்டில ஒண்டையும் சுத்தி வைக்கிறதில்லை."

நீ போய் இப்போது ஏழு மாதம். அம்மா சுகமாக இருக்கிறா. வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறேன். அந்தக் கதிரையும் அதன்மேல் அந்த வாத்தியமும் அப்படியே இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் யாராவது வந்தால் இருக்க வேறு கதிரை எடுத்துக் கொடுப்பா.

உன்னிடம் நான் ஒருபோதும் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். கடைசி மாதத்தில் ஒரு பின்னேரம், இறகுப் பகுதியில் உன்னுடைய வரியை என்னை வயலினில் வாசிக்கச் சொன்னாயே. வாசித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாய். கதைக்கவே உனக்கு மூச்சு வாங்கியது.

"சுரம் சரி. ஆனா நீ நிக்காமல் போறாய். வயலினுக்கு மூச்சு முட்டாது, அதுதான் பிரச்சினை. திரும்ப வாசி."

கட்டிலில் நிமிர்ந்து இருந்து, என் முழங்கைக்கு மேலே உன் கையை வைத்தாய். நான் வாசித்தேன். நீ ஊதியிருந்தால் எங்கே மூச்சு எடுத்திருப்பாயோ, அந்த இடம் வரும்போது கையை மெல்ல அழுத்தினாய். நான் வில்லை நிறுத்தினேன். நீ மூச்சை உள்ளே இழுத்தாய், கஷ்டப்பட்டு, சத்தத்தோடு. பிறகு கையைத் தளர்த்தினாய். நான் தொடர்ந்தேன். அந்த வரி முடியும் வரைக்கும் ஒன்பது இடத்தில் நிறுத்தினாய். முடிந்ததும், "இப்ப சரி" என்றாய், படுத்துக்கொண்டாய்.

அன்று முதல் அப்படித்தான் எனக்கு வாசிக்கவருகிறது. கீர்த்தனை வாசித்தாலும் வர்ணம் வாசித்தாலும், வயலினுக்கு ஒரு தேவையும் இல்லாத இடங்களில் என் வில் நிற்கிறது. போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது, "ரீச்சர், அதில நிக்கச் சொல்லி எழுதியிருக்கோ? புத்தகத்தில இல்லையே" என்று.

"புத்தகத்தில இல்லை" என்றேன். "அதில ஒரு ஆள் மூச்சு எடுக்கிறா. அவா எடுக்கும் மட்டும் பொறுங்கோ."

பிள்ளைகள் எல்லாரும் வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பேசாமல், பொறுத்து நின்றார்கள்.